பாட்டி சொன்னதைச் சோதிக்கலாமா?

பெரியவர்கள் சொன்ன ஒன்று சரிதானா என்று சோதித்துப் பார்ப்பது அவர்களை மதிப்பதா, அவமதிப்பதா? பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சமையல் வழியாக வெப்பத்தின் அறிவியலைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் வீடுகளில் ‘ஏன்’ என்று கேட்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் ‘எதிர்த்துப் பேசாதே’ என்பதுதான் பதில். அறிவியலோ ‘ஏன்’ என்றும் ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்றும் கேட்காமல் ஓர் அடிகூட நகராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது?

நான் சொல்லிக்கொடுக்கிற ரெங்கம், ஜொகூரில் குளுவாங் மாவட்டத்துச் சின்ன ஊர். 1909இல் ஜொகூர் பாரு வரை முழுமையடைந்த இரயில் பாதையின் ஓரத்தில், தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர். இன்று கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. மலேசியாவில் விவசாயம் படிப்பவர்கள் இந்த ஊருக்கு வராமலே இதன் பெயரை அறிவார்கள். கருங்கல் பாறை சிதைந்து உண்டான ஒரு மண் வகைக்கு ‘ரெங்கம் தொடர்’ என்றே பெயர். அந்த மண்ணில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் சனிக்கிழமைகளில் என்னிடம் வருகிறார்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி. இரண்டாம் படிவ அறிவியல் பாடநூலில் வெப்பத்துக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்றையும் ஒப்பிக்கிறார்கள். அம்மா வேலைக்குப் போனபின் தானே சோறு வடித்துத் தம்பிக்குப் போடுகிற பெண்ணுக்குக்கூட, அந்த இயல் தன் வீட்டு அடுப்பைப் பற்றியது என்று தோன்றுவதில்லை.

அதனால் பாடநூலை மூடிவைத்துவிட்டு ஒரு வேலை கொடுத்தேன். அடுப்பைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற ஏதாவது ஒரு விதியை எழுதி வாருங்கள். இங்கே செய்து பார்ப்போம்.

முதலில் வந்தது கொள்ளிக்கட்டை. ‘கொதி வந்ததும் ஒரு கொள்ளியை வெளியே இழு’ என்று ஒருத்தியின் பாட்டி சொல்வாராம். தோட்டத்து லயங்களில் ரப்பர் விறகில் சமைத்த காலத்துப் பேச்சு அது. இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. பாட்டி சொன்னதை வெறும் சிக்கனம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். “தீ பெருசா இருந்தாத்தானே டீச்சர் சீக்கிரம் வேகும்?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பில் பாதிப்பேர் அவன் பக்கம்.

ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்தோம். இரண்டும் கொதித்த பிறகு ஒன்றின் கீழே தீயை முழுசாக விட்டு, மற்றதில் லேசாகக் குமிழ் வரும் அளவுக்குக் குறைத்தோம். வெப்பமானியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் 100 டிகிரியை ஒட்டித்தான் நின்றது. பொங்கிப் புரண்டு கொதித்த தண்ணீர், அமைதியாகக் கொதித்த தண்ணீரைவிடச் சூடாக இல்லை. அப்படியானால் அந்தக் கூடுதல் தீ எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை அவர்களே கேட்கும் வரை நான் காத்திருந்தேன். அது வருவதற்குள் விடையைச் சொல்லிவிடுவதுதான் ஆசிரியர்கள் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிற பெரிய பொருள் என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோகச் சுமார் 294 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும்; ஏறக்குறைய எட்டு மடங்கு. கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் அதற்குமேல் சூடேறுவதில்லை. கொடுக்கிற வெப்பமெல்லாம் ஆவியாகக் கூரையை நோக்கிப் போகிறது. மூடி திறக்கும்போது கையில் அடிக்கிற ஆவி கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும், இட்லித் தட்டில் மாவு வேகுவதும் அந்த 2,260ஐ ஆவி திரும்பக் கொடுப்பதால்தான். ஆவி மாவின் மேல் பட்டு நீராகும்போது, தான் வாங்கிய வெப்பத்தை அங்கே இறக்கிவிடுகிறது.

‘எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்’ என்று பழமொழி உண்டு. அந்தப் பாட்டி செய்தது அதைவிட நுட்பமான காரியம். கொதி அடங்கிவிடாத அளவுக்கு மட்டும், ஒரே ஒரு கொள்ளியை இழுத்தார். சோறு அதே நேரத்தில் வெந்தது, விறகு மிஞ்சியது. விடிவதற்கு முன்பே பால்வெட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு விறகும் பொறுக்க வேண்டியிருந்த ஒரு பெண், வெப்பமானி இல்லாமல் கண்டுபிடித்தது அது. அதைப் பேத்தி வெப்பமானியோடு மறுபடி கண்டுபிடித்த அன்று, அவள் முகத்தில் தெரிந்த பெருமை தன்னைப் பற்றியது இல்லை.

இன்னொரு பையன் கொண்டுவந்தது, ‘கஞ்சியை நடுவில் அள்ளாதே, ஓரமாக எடு’. ரசத்தையும் கெட்டியான கஞ்சியையும் ஒரே மாதிரி டம்ளர்களில் ஊற்றி வைத்தோம். ரசத்தில் எங்கே வைத்தாலும் வெப்பமானி கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டியது. கஞ்சியில் ஓரத்துக்கும் நடுவுக்கும் நல்ல வித்தியாசம். மெல்லிய திரவத்தில் சூடான பகுதி மேலேறி, ஆறியது கீழிறங்கி, எல்லாம் கலந்துகொண்டே சேர்ந்து ஆறும். கஞ்சி அப்படி ஓட முடியாது. ஓரம் ஆறினாலும் நடு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு என்ற பெஞ்சமின் தாம்சன், திரவங்களில் வெப்பம் பரவுவதைப் பற்றி எழுதியபோது, ஆப்பிள் பையும் கெட்டியான அரிசிச் சூப்பும் வாயைச் சுட்டதைத்தான் தன் யோசனையின் தொடக்கமாகச் சொல்கிறார். பீரங்கி துளைக்கும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்து இயற்பியலையே திருப்பிய மனிதர் அவர். அவரும் சூடான கஞ்சியிடம்தான் பாடம் கேட்டிருக்கிறார் என்று சொன்னபோது அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

குக்கரைப் பற்றி நான் அதிகம் பேசத் தேவைப்படவில்லை. செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தந்தை வந்து சொல்லிவிட்டார். ஆலைக்கு வரும் குலைகளை முதலில் பெரிய இரும்புக் கலன்களில் அடைத்து, அழுத்தமான நீராவியில் வேகவைக்கிறார்கள். உள்ளே சுமார் 140 டிகிரி. பழம் குலையிலிருந்து கழன்று வரவும், எண்ணெயைக் கெடுக்கிற நொதி செயலிழக்கவும் அந்தச் சூடு வேண்டும். வீட்டுக் குக்கர் எட்டுவது 120 டிகிரி அளவு. திறந்த பாத்திரம் 100ஐத் தாண்டாது. கேமரன் மலையில், 1,400 மீட்டருக்கு மேலே உள்ள தானா ராத்தாவில் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அதனால் அங்கே பருப்பு வேக நேரமாகும். அப்பா சொல்லச் சொல்ல மகன் குறிப்பெடுத்தான். அவர் சொல்வதை அவன் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவனே சொன்னான்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பெரியவர்கள் சொன்னது நின்றது, பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருப்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ‘நம் முன்னோர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் அறிவியல் இருக்கிறது’ என்று தினம் வாட்ஸ்அப்பில் ஏதாவது வருகிறது. அதை அனுப்புகிறவர்கள் எதையும் சோதித்தவர்கள் அல்லர். முடிவை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பெரியவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குகிற படித்தவர்களுக்கும் இவர்களுக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. இரு தரப்புமே அந்தப் பாட்டி என்ன சொல்கிறார் என்று உட்கார்ந்து கேட்பதில்லை.

பள்ளம் கொண்டைக்கடலையில் வந்தது. கொள்ளிக்கட்டைப் பாட்டியே சொன்ன இரண்டு விதிகள்: புளியை முதலில் ஊற்றினால் வேகாது, உப்பை முதலில் போட்டாலும் வேகாது. ஒரே பையிலிருந்து எடுத்த கடலையை மூன்று பங்காக்கினோம். வெறும் தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்தது ஒன்று, புளித்தண்ணீரில் வேகவைத்தது ஒன்று, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உப்போடு வேகவைத்தது ஒன்று. புளியில் போட்டது நேரம் கடந்தும் கடிக்கக் கடினமாகவே இருந்தது. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. பாட்டி சரி. உப்பில் போட்டதோ மூன்றிலும் மென்மையாக, தோல்கூட நாக்கில் நசுங்கும்படி வெந்திருந்தது. தோலின் பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தில் உப்பின் சோடியம் போய் அமர்ந்துகொள்வதால் பிடி தளர்கிறது. பாட்டி சரியில்லை.

வகுப்பு சத்தமில்லாமல் ஆனது. “பாட்டிகிட்ட யாரு டீச்சர் சொல்றது?” என்று பேத்தி கேட்டாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மரியாதை என்றால் அதுதான் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சொன்னது தவறு என்று தெரிந்த பிறகும் அதை அவரிடமிருந்து மறைப்பது, அவருக்கு இனி கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, கற்றுக்கொள்ளும் வலுவும் இல்லை என்று நாம் முடிவுகட்டுவதாகும். நோயாளியிடம் பேசுவதுபோல் பெரியவர்களிடம் பேசுவதை நான் மரியாதையாக ஏற்க முடியாது.

அடுத்த வாரம் பாட்டி வந்தார். பேத்தியே மூன்று கிண்ணங்களையும் முன்னால் வைத்து, எதில் என்ன என்று சொல்லாமல் தின்னக் கொடுத்தாள். பாட்டி தின்றார். உப்புக் கடலையைக் காட்டி இதுதான் நன்றாக வெந்தது என்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடலையை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இது எப்ப வாங்குன கடல?”

போன வாரம் வாங்கியது என்றோம்.

“அதான பாத்தேன். நாங்க தோட்டத்துக் கடையில வாங்குனது எந்தக் காலத்துக் கடலையோ. மழைக்குச் சாக்குலயே கெடக்கும். அது எத போட்டாலும் வேகாதுடி. நாங்க உப்ப கொற சொல்லியிருக்கோம் போல.”

எனக்கு மெய்சிலிர்த்தது. பருப்பு வகைகளை வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் வைத்திருந்தால் அவை வேகும் தன்மையை இழக்கின்றன. உணவு அறிவியலார் பல காலமாக ஆராய்ந்துவரும் விஷயம் அது. ஜொகூரின் தட்பவெப்பம் அதற்கு வாகானது. தன் விதி விழுந்த இடத்தில், அது ஏன் உருவாகியிருக்கும் என்பதற்கு ஒரு கருதுகோளை அவரே எடுத்துக் கொடுத்தார். அதுவும் சோதிக்கக்கூடிய கருதுகோள்.

பிள்ளைகள் இப்போது ஒரே பையிலிருந்து எடுத்த கடலையை மூன்று இடங்களில் வைத்திருக்கிறார்கள்: ஒன்று குளிர்சாதனப் பெட்டியில், ஒன்று காற்றுப் புகாத டப்பாவில், ஒன்று பாட்டி வீட்டுப் பின்கட்டில் சாக்கில். எத்தனை மாதம் வைக்க வேண்டும் என்பதில் சண்டை. தீபாவளி வரை போதும் என்கிறார்கள் பிள்ளைகள். இன்னொரு மழைக்காலம் போகட்டும் என்கிறார் பாட்டி. நான் பாட்டி பக்கம்.