தடுப்பவன் கையில் ஓர் அமானிதம்

கைபேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். உடனே, அந்தப் பெயருக்குரிய எண் முகவரி எதுவென்று டி.என்.எஸ். என்னும் பெயர்ச் சேவையிடம் கேட்கப்படுகிறது. எண் கிடைத்த பின்னரே தளம் திறக்கிறது. ஆக, இச்சேவை வழிப்போக்கனுக்கு வழி சொல்பவனைப் போன்றது.

போகும் இடம் திருடர் குகை என்று தெரிந்தால், 'அப்படி ஓர் இடமே இல்லை' என்று வழி சொல்பவன் சொல்லலாமா? 2017-இல் தொடங்கப்பட்ட குவாட்நைன் என்ற இலாப நோக்கமற்ற சேவை இதைத்தான் செய்கிறது. மால்வேர் எனும் நாசகார நிரல்களைப் பரப்பும் தளங்களையும், போலி வங்கி முகப்பைக் காட்டிக் கடவுச்சொல்லைக் களவாடும் தளங்களையும் கேட்டால், 'இல்லை' என்ற பதிலே வருகிறது.

இது பொய்யாகாதா என்று சிலர் வினவலாம். இப்படித் தடுக்கும் சேவை என்று அறிந்தே ஒருவர் அதைத் தேர்ந்துகொண்டால், அது அவரே அமர்த்திய காவல். அதில் ஏமாற்று இல்லை. அவருக்குத் தெரிவிக்காமல் மறைவாகத் தடுத்தால், நிய்யத் நல்லதாயினும் அது ஏமாற்றே.

காவலுக்கு எல்லையும் வேண்டும். 2021-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றம், சோனி மியூசிக் நிறுவனத்தின் மனுவை ஏற்று, பதிப்புரிமையை மீறிய இசைப்பதிவுகளுக்கு வழிகாட்டிய ஒரு தளத்தையும் தடுக்குமாறு குவாட்நைனுக்கு உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் லைப்ஸிக் நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் டிரெஸ்டன் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. திருடனைத் தடுக்க வைத்த கதவை, தத்தம் வழக்குக்காகவும் மூடச் சொல்லிப் பிறர் வருவர் என்பதற்கு இது சான்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயரைத் தடுத்தால் முழுத் தளமும் அடைபடும். ஒரு பள்ளிக்கூடத் தளத்தின் ஒரே பக்கத்தில் விஷமிகள் நுழைந்திருந்தாலும் பள்ளியின் பெயரே மறைந்துவிடும். எனவே முறையிடவும், தவறு தெரிந்ததும் விரைந்து திருத்தவும் வழி இருந்தாக வேண்டும். மேலும், நாம் எங்கெல்லாம் செல்கிறோம் என்பதை வழி சொல்பவன் அறிவான். அதைச் சேர்த்து வைப்பதும் விற்பதும் அமானித மோசடியாகும்.

ஆகவே சம்மதம், வெளிப்படை, எல்லை, முறையீடு, இரகசியம் பேணல் ஆகிய ஐந்தும் இருந்தால் இத்தடுப்பு நன்மையே. வீட்டில் இதை அமைக்கும் குடும்பத் தலைவருக்கும் இவை பொருந்தும். வயது வந்த பிள்ளைகளை அழைத்து, எதைத் தடுத்திருக்கிறோம், ஏன் தடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லிச் செய்தால் அது காவல். சொல்லாமல் செய்தால் அது வேவு.