சபுராளியின் உடலும் சகோதரனின் கடமையும்

 

அல்லாஹுத்தஆலா நமக்கு அருளியுள்ள நிஃமத்துகளில் ஈமானுக்கு அடுத்தபடியாக எண்ணத்தக்கது உடல் நலம். தொழுவதற்கும், நோன்பு நோற்பதற்கும், ஹலாலான பொருளைத் தேடிப் பெண்டு பிள்ளைகளைக் காப்பதற்கும் இந்த உடல்தான் கருவி. இது நம் சொந்தச் சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை எப்படிப் பேணினோம் என்று நாளை மறுமையில் கேட்கப்படுவோம்.

கல்லணைக்கு அருகே, திருச்சி - தஞ்சை ரயில் பாதையில் அமைந்திருப்பது பூதலூர். காவிரிப் பாசனத்தில் நெல் விளையும் இப்பகுதியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் ஏராளம். அப்படிச் சென்ற சபுராளி ஒருவர் விடுமுறையில் வீடு திரும்பும்போது நாம் என்ன சொல்கிறோம்? உடம்பு பூசி, வயிறு முன் தள்ளி வந்தால், "மாஷா அல்லாஹ்! பிழைப்பு நல்லபடியாக இருக்கிறது" என்று மகிழ்கிறோம். மெலிந்து வந்தாலோ, "என்னத்தா, இப்படி இளைத்துப் போய் வந்திருக்கிறாயே!" என்று தாய் கண் கலங்குகிறாள். பிறகு அவர் ஊரில் தங்கும் நாளெல்லாம் மாமி வீட்டில் நெய்ச்சோறு, மச்சான் வீட்டில் பிரியாணி, சின்னம்மா வீட்டில் வட்டிலப்பம் என்று விருந்து தொடர்கிறது. அன்பினால் செய்கிறோம், ஆனால் அந்த அன்பு அவர் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைச் சிந்திப்பதில்லை.

அங்கே அவர் வாழும் வாழ்க்கையைப் பாருங்கள். வயலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்த கால்கள் அங்கே வண்டியிலும் நாற்காலியிலும் அடங்கிவிடுகின்றன. வேலை முடிந்து அறைக்குத் திரும்ப இரவு வெகு நேரமாகிறது. அதன் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து எண்ணெய் மிதக்கும் குழம்பும் புரோட்டாவும் குளிர்பானமுமாக உண்டு, உடனே படுக்கையில் சாய்கிறார்கள். குடும்பத்தோடு சென்ற பெண்களோ அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, நடப்பதற்கு வழியின்றி இருக்கிறார்கள். தனிமையின் துயரத்தை உணவு ஆற்றுகிறது. எடை ஏறுகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பின்னாலேயே வருகின்றன. வீட்டைக் கட்டி முடிக்கச் சென்றவர் அதில் குடியிருக்கக் கொடுத்து வைக்காமல் போவதை நம் மஹல்லாக்கள் கண்டதில்லையா?

நம்மவர்க்கு இதில் ஆபத்து கூடுதல். வெள்ளையரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே ஆசியருக்குச் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் ஆசியர்களுக்கெனத் தனி அளவுகளைக் குறித்தது. அதன்படி 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் சுமார் 63 கிலோவைத் தாண்டும்போதே எச்சரிக்கை கொள்ள வேண்டும். 75 கிலோவைத் தாண்டினால் ஆபத்து அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருத்தல் நலம்.

இனி, சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று. அமெரிக்காவில் 12,067 பேரை 32 ஆண்டுகள் கவனித்து வந்த விவரங்களை ஆராய்ந்து, 2007-ல் அறிஞர் இருவர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒருவருடைய நண்பர் மிகப் பருமனாகிவிட்டால் அவரும் அவ்வாறு ஆகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியிருந்தது. மனிதன் தனியாகப் பருப்பதில்லை. கூட்டத்தோடு கூட்டமாகவே பருக்கிறான் என்பது இதனால் புலப்படுகிறது. அப்படியானால், நலம் பெறுவதும் கூட்டத்தோடுதான் எளிதாகும்.

இதற்கு நமக்கு முன்மாதிரி இல்லையா? மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த முதற் காரியங்களில் ஒன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு சகோதரரை இணைத்துக் கொடுத்தது. அந்த வகையில் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களும் மதீனாவாசியான அபுத்தர்தா (ரலி) அவர்களும் சகோதரர்களானார்கள். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பிலும் இரவெல்லாம் வணக்கத்திலும் மூழ்கி, தம்மையும் தம் மனைவியையும் மறந்திருந்தார்கள். ஸல்மான் அதைக் கண்டும் காணாமல் போய்விடவில்லை. நீங்கள் உண்ணாமல் நானும் உண்ண மாட்டேன் என்று கூறி உடன் உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும், உம் ஆன்மாவுக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று பெருமானார் (ஸல்) அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இச்செய்தி புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! அங்கே குறைவாக உண்டவரைச் சகோதரர் திருத்தினார். இன்று மிகுதியாக உண்பவரைத் திருத்தச் சகோதரர் தேவை. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழி நமக்குத் தெரியாததன்று. தெரிந்ததைச் செய்ய வைக்கும் ஒரு ஸல்மான்தான் நம் அறைகளில் இல்லை.

இத்தகைய துணை பயன் தரும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஸ்காட்லாந்தில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் 171 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு உணவியலாளர் 15 முறை சென்று, குடும்பத்தாரையும் உடன் வைத்து ஆலோசனை கூறினார். நான்கு முறை மட்டுமே ஆலோசனை பெற்றவர்களைவிட அவர்கள் சராசரியாக ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறைவாக இருந்தார்கள். அளவு சிறிதுதான், ஆனால் ஏறிக்கொண்டே போகும் எடையை நிறுத்தியதே பெரிது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையிலிருந்த 537 ஆண்களை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கைபேசியில் அடிக்கடி நினைவூட்டல் பெற்றவர்களில் இரண்டாண்டுகளில் 100-க்கு 18 பேருக்கே நோய் வந்தது. பெறாதவர்களில் 27 பேருக்கு வந்தது. கைபேசியில் வரும் சில வரிகளே இவ்வளவு செய்யுமானால், பெற்ற தாயின் சொல் எவ்வளவு செய்யும்!

ஆகவே, ஓர் அறையில் வாழும் சகோதரர்கள் சமையல் எண்ணெயையும் சர்க்கரையையும் ஒன்றாகக் குறைக்கட்டும். இஷாவுக்குப் பின் இருவர் இருவராக நடக்கட்டும். ஊரிலுள்ள மனைவியரும் தாய்மாரும், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு, "நடந்தீர்களா? சர்க்கரை பார்த்தீர்களா?" என்றும் கேட்கட்டும். விடுமுறையில் வருவோருக்கு விருந்தில் காய்கறியும் மீனும் கூடட்டும். நெய்யும் இனிப்பும் குறையட்டும். வெளிநாடுகளிலுள்ள நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பருத்தவரைப் பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்வது நஸீஹத்தன்று. குர்ஆன் தடுத்த பாவம். ஸல்மான் உடன் அமர்ந்து உண்டபடிதான் திருத்தினார்கள். மருந்து உட்கொள்பவர் ரமலான் நோன்புக்கு முன் மருத்துவரைக் கேட்டு, அதன்படி நடக்க வேண்டும்.

யா அல்லாஹ்! வீட்டைப் பிரிந்து ஹலாலான ரிஸ்கைத் தேடும் எங்கள் சகோதரர்களுக்கு ஆஃபியத்தைத் தந்தருள்வாயாக! அவர்களை நலமுடன் தம் பிள்ளைகளிடம் திரும்பச் சேர்ப்பாயாக! ஒருவருக்கொருவர் நன்மையை ஏவும் சகோதரர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.