பத்தியம் எனக்கு, பாடு யாருக்கு?

நாலு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தேன்.

சும்மா சொல்லவில்லை சார். 91 கிலோவிலிருந்து 83. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியதாயிற்று. காலையில் இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் என்னோடு லோக்கல் ரயில் ஏறுகிற நண்பர்கள் முதலில் 'உடம்புக்கு ஏதாவதா?' என்று கவலைப்பட்டார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ரகசியம் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் இதற்காகவே சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சர்க்கரை. நான் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "எல்லாம் மன உறுதிதான் சார். நாக்கைக் கட்டணும். அதைக் கட்டிட்டா எல்லாத்தையும் கட்டலாம்" என்றேன். காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஆமாங்க. உறுதி அவரோடது, துருவுறது நானு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறதே, அதில் எனக்கு 8.2 வந்தது. டாக்டர் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை என்றேன். "மூணும் அரிசிதான். வேஷம்தான் வேற" என்றார். மாத்திரை எழுதினார். மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னார்.

டாக்டர் தன் இஷ்டத்துக்குச் சொன்னதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு பெரிய ஆய்வு நடத்தின. 2023-ல் வெளியான அதன் கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். 2025-ல் வெளியான இன்னொரு பகுதி, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. அதே ஆய்வில் 18,090 பேரின் சாப்பாட்டுக் கணக்கை வைத்து 2022-ல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் மாவுச்சத்தை 49-லிருந்து 54 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தைக் கூட்டினால் நோயைப் பின்வாங்க வைக்க வாய்ப்பு உண்டு என்றார்கள்.

கவனியுங்கள், குறை என்றுதான் சொன்னார்கள். ஒழி என்று சொல்லவில்லை. ஆனால் நமக்குத்தான் குறைக்கத் தெரியாதே! ஒன்று மூக்குப் பிடிக்கச் சாப்பாடு, இல்லாவிட்டால் ஒரேயடியாகச் சந்நியாசம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். (ஒரு எச்சரிக்கை: மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாதத்தை நிறுத்தாதீர்கள். சர்க்கரை திடீரென்று கீழே இறங்கினால், மயங்கி விழ வேண்டிவரும்.)

இந்தச் சந்நியாசம் புதுசும் இல்லை. லண்டனில் சவ அடக்கத் தொழில் செய்த வில்லியம் பான்ட்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டு இளைத்து, 1863-ல் அதைச் சிறு புத்தகமாகவே போட்டார். இளைத்தவன் சும்மா இருக்கமாட்டான் என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம். நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து செய்ததும் அதைத்தான்.

சைவச் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைப்பது லேசு இல்லை. முட்டை, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. நமக்கு? 'சப்பாத்திக்கு மாறிட்டேன்' என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 65, 70 கிராம் மாவுச்சத்து உண்டு. ராகியும் கம்பும் அதே சொந்தக்காரர்கள்தான். நார்ச்சத்து கூடுதல், அவ்வளவே. துவரம்பருப்பில் புரதம் உண்டு, ஆனால் மாவுச்சத்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மிச்சம் என்ன? பனீர், தயிர், தேங்காய், வேர்க்கடலை, பாதாம், கீரை, தரைக்கு மேலே விளைகிற காய்கள்.

இந்த லிஸ்ட்டை இன்னொரு முறை படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வினைச்சொல் ஒளிந்திருக்கிறது. கீரையை ஆய வேண்டும். தேங்காயைத் துருவ வேண்டும். பாதாமை ஊறவைத்து உரிக்க வேண்டும். கொத்தவரங்காயை நாரெடுத்துப் பொடியாக நறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் காலிஃபிளவர் சாதம். பூவைப் பிரித்து, புழு போக உப்புப் போட்ட வெந்நீரில் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, அரிசி மாதிரி துருவி, வாணலியில் வதக்கி... முக்கால் மணி நேர வேலை. அரிசியோ நன்றியுள்ள ஜீவன். களைந்து வைத்தால் மூன்று விசில்.

இப்படி நான்கு மாதம் எங்கள் வீட்டில் இரண்டு சமையல் நடந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒன்று. எனக்கு ஒன்று. என் மனைவிக்கு? இரண்டில் எது மீந்ததோ அது. எனக்குத் துருவி மீந்த காலிஃபிளவர் தண்டைப் பொரியல் செய்து அவள் சாப்பிட்டிருக்கிறாள். தட்டை ஏந்தி நான் 'உப்பு கொஞ்சம் கம்மி' என்று சொல்லியிருக்கிறேன்.

நான் படித்தது பி.காம். முதல் வருஷம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதான். ஒரு கணக்கில் வரவு என்றால் இன்னொரு கணக்கில் பற்று இருந்தே தீரவேண்டும். எட்டு கிலோவை என் பேரில் வரவு வைத்துக்கொண்டேனே, பற்று யார் பேரில் எழுதினேன்? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 15 முதல் 59 வயதுக்குள், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 305 நிமிஷம் என்கிறது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல். அதன் தலையில்தான் என் முக்கால் மணி நேரத்தையும் ஏற்றி வைத்தேன். எங்களுக்குப் பக்கத்து ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷத்தில் அது என் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து சேரவில்லை.

அம்மா கதை வேறு. ஒரு நாள் சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்து, "இது வெள்ளை விஷம்மா" என்று சாதத்தைக் காட்டி உபதேசம் செய்தேன். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "சோத்தைப் பார்த்து அப்படிச் சொல்லாதடா. அதுக்காக விடியக்காலை க்யூல கல்லை வெச்சு இடம் பிடிச்சிருக்கோம்" என்றாள்.

அம்மா சொன்னது 1965, 66 அரிசிப் பஞ்ச காலத்தை. அவளுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. அந்தக் கோபம்தான் 1967 தேர்தலில் ஆட்சியையே புரட்டிப்போட்டதில் பெரும் பங்கு வகித்தது. ரூபாய்க்கு மூன்று படி என்று சொல்லி வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். இன்றைக்கும் எங்கள் பக்கத்து ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது விஷம் இல்லை, மாச பட்ஜெட். எனக்கு ஒத்துக்கொள்ளாதது என் கணையத்தின் பிரச்னை. அதற்காக அரிசியைத் திட்ட எனக்கு என்ன உரிமை? பனீர் வாங்கக் காசிருப்பவன் சாதத்தை ஏசுவதில் ஒரு அகம்பாவம் இருக்கிறது. எனக்கே உறைத்தது.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். "நீ பொறந்தப்போ எங்கம்மா எனக்குப் பத்தியம் பொங்கிப்போட்டா. நாப்பது நாள். அப்புறம் நானே எழுந்து வந்துட்டேன். உன் பத்தியத்துக்கு எப்போடா நாப்பது நாள் முடியும்?"

யோசித்துப் பார்த்தால், விஷயமே அங்கேதான் இருக்கிறது. பத்தியத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைப்பதையும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பதையும் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. அது அன்பு. ஆனால் சர்க்கரை ஆயுசுக்கும் இருப்பது. நாற்பது நாள் அன்பை நாற்பது வருஷ ஏற்பாடாக மாற்றிவிட்டு, அதற்கும் அன்பு என்றே பெயர் வைத்தால், அது கொடுப்பவளுக்குச் செய்கிற அநியாயம்.

1915-ல் காந்தி கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு வீட்டில் தங்கினார். அப்போது அவர் பழமும் கொட்டை வகைகளும் மட்டுமே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எளிமையான சாப்பாடு என்றுதானே தோன்றும்? அந்த வீட்டுப் பெண்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து அவருக்காகக் கொட்டைகளின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. கொஞ்ச நாளில் ஹரித்வார் கும்பமேளாவுக்குப் போனபோது, ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு சாப்பிடுவதே இல்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். தனக்கு விருந்து வைக்கிறவர்களுக்குத் தொல்லை குறையவேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தன் விரதத்தின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று அவர் பார்த்தார். எனக்கு அதைப் பார்க்க நான்கு மாதமும், ஒரு டம்ளர் காபியும் தேவைப்பட்டன.

நீங்கள் ஒன்று கேட்கலாம். 'சார், நீங்க பத்தியம் இருக்கிறதே குடும்பத்துக்காகத்தானே? நாளைக்குக் கண் போய், கிட்னி போய்ப் படுத்தா அதே மனைவிதானே பார்க்கணும்?' நியாயமான கேள்வி. உண்மைதான், உடம்பைப் பார்த்துக்கொள்வது நமக்கு மட்டும் செய்துகொள்வதில்லை. நம்மைத் தூக்கி நிறுத்த வேண்டியவர்களுக்கும் சேர்த்துச் செய்கிற கடமை அது. ஆனால் நாளைய சுமையைக் குறைக்கிறேன் என்று இன்றைய சுமையை அதே ஆள் தலையில் வைத்தால், கடனை அடைக்கக் கடன்கொடுத்தவரிடமே கைமாற்று வாங்கின மாதிரி. கணக்கு நேராகாது.

மனைவியிடம் பேசினேன். "நீங்க நல்லா இருந்தா போதுங்க" என்றாள். அதை அவள் சொல்லலாம். நான் அதைக் கையெழுத்துப் போட்ட ரசீது மாதிரி பையில் வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்த ஞாயிறு நானே அடுப்படிக்குள் போனேன். இரண்டு மணி நேரம். விரலில் ஒரு வெட்டு. வாணலியில் பனீர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அன்றைக்கு ஒன்று கண்டுபிடித்தேன்: எனக்கென்று தனிச் சமையலே தேவையில்லை. நம் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது, அளவைத்தான் தலைகீழாக வைத்திருக்கிறோம். மலைபோல் சாதம், ஓரத்தில் ஊறுகாய் மாதிரி பொரியல். அதைத் திருப்பிப் போட்டேன். ஒரு கிண்ணம் நிறைய அவரைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் வெண்பூசணி மோர்க்கூட்டு, கீரை மசியல், கெட்டித் தயிர், ஒரே ஒரு கரண்டி சாதம். பனீர் பொடிமாஸ் எல்லாருக்கும். மகள் அதைத் தோசைக்குள் வைத்துச் சாப்பிடுகிறாள். வீட்டுக்கு ஒரே சமையல். தட்டில்தான் வித்தியாசம். டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

எல்லாருக்குமான காயை முதல் நாள் ராத்திரி டி.வி. பார்த்துக்கொண்டே நான் நறுக்கி வைக்கிறேன். காலிஃபிளவர் சாதம் வேண்டுமென்றால், ஞாயிறு மட்டும், துருவுவது நான். மறுபடி ஒன்றரை கிலோ ஏறிவிட்டேன், மறைக்கவில்லை. சர்க்கரைச் சராசரி 6.7-ல் நிற்கிறது.

போன வாரம் அந்த நண்பர் திரும்ப வந்தார். வாசலில் நின்றபடியே, "சார், அந்த மன உறுதி எனக்கு வரமாட்டேங்குது" என்றார். "அதை விடுங்க. உங்க வீட்டுல யார் துருவுறாங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் யோசித்துக்கொண்டு நின்றார். நானும் விளக்கமாக ஆரம்பிக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏங்க, பேச்சு அப்புறம் பேசலாம். உங்க காலிஃபிளவர் அடிப்பிடிக்குது!"