தப்பிய ஆலயத்தின் கடன்

ஊர் பற்றி எரியும்போது ஆலயத்தில் இருப்பவர்கள் முழங்காலில் நிற்பதா, வீதியில் இறங்குவதா? கிறிஸ்தவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. பசியோடும் உடுக்கத் துணியின்றியும் நிற்பவரை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடும் விசுவாசத்தால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே கேட்டுவிட்டார். பேரிடர் வரும்போது அதே கேள்வி ஏட்டை விட்டு இறங்கி ஆலய வாசலுக்கே வந்துவிடுகிறது.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று அப்படித்தான் வந்தது.

உலக வர்த்தக மையம் இருந்த இடத்திலிருந்து தெருவைத் தாண்டினால் செயின்ட் பால் சிற்றாலயம். 1766இல் திறக்கப்பட்டது. 1776இல் நகரின் ஒரு பகுதியைத் தீ விழுங்கியபோது, வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொடுத்து மக்கள் அதைக் காப்பாற்றினார்கள். 225 ஆண்டுகள் கழித்து, எதிரே இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோதும் ஆலயம் நின்றது. பலரும் அதை அற்புதம் என்றார்கள்.

இங்கேதான் சிக்கல். நியூயார்க் தீயணைப்புத் துறை அன்று 343 பேரை இழந்தது. அத்துறையின் ஆன்மிக வழிகாட்டியாக இருந்த பிரான்சிஸ்கன் துறவி மைக்கல் ஜட்ஜும் அவர்களில் ஒருவர். கடவுள் கட்டடத்தைக் காத்தார் என்றால், இந்த மனிதர்களை ஏன் விட்டார்? இதற்கு இறையியல் நூல்களில் நிறைவான பதில் இல்லை. தப்பிப் பிழைத்ததைப் பெருமையாகக் கொண்டாடினால் இறந்தவர்களுக்கு இழுக்கு. அதைக் கடனாக ஏற்றுக்கொள்வது ஒன்றே நேர்மையான வழி.

செயின்ட் பால் ஆலயத் தொண்டர்கள் அந்த வழியில்தான் போனார்கள். எட்டு மாதங்களுக்கும் மேலாக, இரவும் பகலும் ஆலயம் திறந்தே இருந்தது. இடிபாடுகளைத் தோண்டிக் களைத்து வந்த தீயணைப்பு வீரர்களும் போலீசாரும் தொழிலாளர்களும் அங்கே சூடாகச் சாப்பிட்டார்கள். நீள்இருக்கைகளில் படுத்து உறங்கினார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அமர்ந்து வழிபட்ட தனி இருக்கைப் பகுதியில் பாத மருத்துவர்கள் அவர்களுடைய வெந்து கொப்பளித்த கால்களுக்கு மருந்து போட்டார்கள். கனத்த பூட்சுகளும் இடுப்பில் தொங்கிய கருவிகளும் உரசி இருக்கைகளின் வெள்ளை வண்ணம் பெயர்ந்தது. அந்தக் கீறல்களுக்கு மேல் உடனே வண்ணம் பூசி மறைக்காமல், நினைவுச் சின்னமாகவே விட்டுவைத்தார்கள். நற்கருணை வழிபாடும் அங்கேயே நடந்தது. ஜெபமா, பணியா என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் அவசியம் வரவில்லை.

லண்டனில் 2017 ஜூன் 14 அதிகாலை கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தபோது, பக்கத்திலிருந்த செயின்ட் கிளெமென்ட் ஆலயம் பொழுது விடியும் முன்பே கதவைத் திறந்தது. அது ரமலான் மாதம். அல் மனார் பள்ளிவாசலும் திறந்தது. வந்தவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

நல்ல சமாரியன் உவமையையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். அவன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான். தன் கையால் ஆனதைச் செய்துவிட்டு, மற்றதை அடுத்தவர் கையில் ஒப்படைத்தான். ஆலயத் தொண்டருக்கும் அதுவே அளவு. பயிற்சி இல்லாதவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனால், வீரர்கள் காப்பாற்ற வேண்டியவர்களில் அவரும் ஒருவராகிவிடுவார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், சோறு, மாற்றுடை, படுக்க இடம், உறவினரைத் தேடி வருபவருக்கு ஒரு துணை என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

இவற்றை நெருப்புப் பிடித்த பிறகு ஏற்பாடு செய்ய முடியாது. ஆகவே சபை மூப்பர்களும் பங்குப் பேரவையினரும் இந்த மாதமே பக்கத்துத் தீயணைப்பு நிலைய அலுவலரைப் போய்ப் பார்க்கட்டும். நள்ளிரவில் ஆலயச் சாவி யாரிடம் இருக்கும், யாரை அழைத்தால் வருவார் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும்.