ஒளுவுக்கு ஆகும் நீர், குடிக்க ஆகுமா?

ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி வக்பு செய்தார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். அவ்வழியில் நம் மஹல்லாக்களிலும் கிணறு தோண்டித் தொட்டி கட்டித் தண்ணீர் வழங்குகிறோம்.

மிகுதியான நீரில் நஜீஸ் விழுந்தும் நிறம், சுவை, வாடை மாறாவிட்டால் அது சுத்தமே என்கிறது பிக்ஹு. ஒளுவுக்கு அது போதும். குடிப்பதற்கோ போதாது, நோய்க்கிருமி கண்ணுக்கும் நாவுக்கும் தெரிவதில்லை. 100 மில்லி லிட்டரில் ஈ.கோலி கிருமி அறவே இருக்கலாகாது. குளோரின் இட்ட நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சவேண்டும் என்பது இந்தியத் தர விதி.

‘நிய்யத் நல்லது, அது போதாதா?’ என்பர் சிலர். கொடுத்தவரின் நிய்யத்துக்குக் கூலி உண்டு. ஆனால், குடிக்கும் குழந்தையை நிய்யத் மட்டும் காப்பாற்றாது. தண்ணீர் கொடுப்பது தருமம்; தொட்டியைக் கழுவி, நீரைச் சோதித்துக் கொடுப்பது அமானிதம். அமானிதம் பற்றி மறுமையில் நாம் கேட்கப்படுவோம்.