மரியாதை கேட்டுப் பெறும் பொருளா?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவன் தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் காலடி வைத்ததும், விரிப்பில் அமர்ந்திருந்தோர் எழுந்தனர். அவர்களில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். பக்கத்திலிருந்தவர் தோளை ஊன்றி, முழங்கால் வலியோடு எழுந்தார். அவருடைய மகனுக்குரிய வயதுதான் எனக்கு. ஓர் இளைஞர் மட்டும் எழவில்லை. என் ஸலாமுக்கு அழகாகப் பதில் சொன்னார், அமர்ந்தே இருந்தார்.

குத்பா ஓதி, துஆ முடித்து, விருந்துண்டு வீடு திரும்பினேன். வழியெல்லாம் என் நினைவில் நின்றவர் வலியோடு எழுந்த பெரியவர் அல்லர்; எழாத அந்த இளைஞர்தாம். அவர் ஏன் எழவில்லை என்பதை நான் அறியேன். அறிய வேண்டிய அவசியமும் இல்லை. அது என் மனத்தில் ஏன் தைத்தது என்பதே நான் அறிய வேண்டியது. மரியாதை என்பது நாம் பிறருக்குச் செலுத்த வேண்டிய கடனா? அல்லது பிறரிடம் நாம் வசூலிக்க வேண்டிய பாக்கியா?

ஒருவருக்காக எழுவதைப் பற்றிய ஹதீஸ்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, பனூ குறைளா விஷயத்தில் தீர்ப்புச் சொல்வதற்காக, அகழ்ப் போரில் காயம்பட்டிருந்த ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்கள் கழுதை மீதேறி வந்தார்கள். தங்கள் தலைவருக்காக எழுந்து செல்லுமாறு அன்ஸாரிகளைப் பணித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அருமை மகள் பாத்திமா (ரலி) அவர்கள் வந்தால், தாமே எழுந்து சென்று முத்தமிட்டுத் தம் இடத்தில் அமர்த்துவார்கள். ஆனால், அதே நாயகத்தைக் கண்டால் ஸஹாபாக்கள் எழுவதில்லை. அவர்களைவிடப் பிரியமானவர் ஸஹாபாக்களுக்கு வேறெவரும் இருக்கவில்லை. ஆயினும் அதை நாயகம் விரும்புவதில்லை என்று அறிந்தே எழாதிருந்தார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது திர்மிதீயில் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முஆவியா (ரலி) அவர்கள் ஆட்சியில் இருந்த காலத்தில், தமக்காக எழுந்து நின்றவரை அமரச் சொன்னார்கள். மக்கள் தமக்காக எழுந்து நிற்பதை விரும்புகிறவர், நரகத்தில் தம் இருப்பிடத்தைத் தேடிக் கொள்ளட்டும் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுந்து நிற்பது ஆகும் என்பதற்கு ஒரு தனிக் கிதாபே எழுதினார்கள். பின்னர் வந்த மாலிக்கீ மத்ஹபின் இப்னுல் ஹாஜ் (ரஹ்) அவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். அந்தச் சட்ட விவரங்களுக்குள் நாம் இங்கே போகவில்லை. நம் நெஞ்சில் பதிய வேண்டியது ஒன்றுதான்: கடுமையான எச்சரிக்கை எழுகிறவருக்கு வரவில்லை; எழ வேண்டும் என்று விரும்புகிறவருக்கே வந்திருக்கிறது. செயல் ஒன்றுதான். கொடுப்பவருக்கு அது அதபு. எதிர்பார்ப்பவருக்கு அதுவே நஞ்சு.

அப்படியானால் பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். சிறியோருக்கு இரங்காதவரும், பெரியோரின் உரிமையை அறியாதவரும் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் வாப்பா தம் மகனுக்கு உம்மாவின் கண்ணியத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். உம்மா உஸ்தாதின் கண்ணியத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். பிறருக்கு மரியாதை கேட்பது தர்பிய்யத். தனக்கே கேட்பது நஃப்ஸின் பசி. அந்தப் பசி ஒருநாளும் அடங்காது. அவமதிப்பைத் தடுப்பது வேறு. சிறப்பை எதிர்பார்ப்பது வேறு. யாரையாவது ஒருவர் இழிவுபடுத்தினால் வாய் மூடியிருப்பது பணிவாகாது.

கொடுக்க வேண்டிய மரியாதையை யாருக்குக் கொடுப்பது? ஒருமுறை நாயகத்தின் முன் பானம் கொண்டு வரப்பட்டது. வலப்புறம் ஒரு சிறுவர், இடப்புறம் முதியோர். வலப்புறத்தாருக்கே முதலுரிமை. முதியோருக்கு முதலில் கொடுக்கலாமா என்று அச்சிறுவரிடம் நாயகம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். உடனே பாத்திரம் அவர் கையிலேயே வைக்கப்பட்டது. அதட்டவில்லை, பெரியவர்கள் இருக்கும்போது உனக்கென்ன என்று கேட்கவில்லை. சிறுவரின் உரிமைக்கும் அங்கே மரியாதை இருந்தது.

மதீனாப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் வஃபாத்தானார். சிறிய விஷயம் என்றெண்ணி ஸஹாபாக்கள் நாயகத்துக்கு அறிவிக்கவில்லை. காணோமே என்று விசாரித்தறிந்த நாயகம், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள்.

சகோதரர்களே! நம் ஊர் விருந்துகளை எண்ணிப் பாருங்கள். செல்வந்தர் வந்தால் நாற்காலி பறந்து வருகிறது. ஐவேளையும் நம்மை அழைக்கும் மோதினார் வந்தால் இடம் காட்டுவாரில்லை. ஸஹன் சுமந்து வந்து வைப்பவரின் முகத்தை நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வெளியில் தேன் சொட்டப் பேசும் நாவு, வீட்டுக்குள் மனைவியை ஏ என்று கூப்பிடுகிறது. நமக்கு எதுவும் திருப்பித் தர இயலாதவருக்குக் கொடுப்பதே மரியாதை. மற்றது பெரும்பாலும் வியாபாரம்.

மறுநாள் அஸருக்குப் பின் அந்தப் பெரியவரின் வீட்டைத் தேடிச் சென்றேன். திண்ணையில் இருந்தவர் என்னைக் கண்டதும் மறுபடியும் எழ முயன்றார். விரைந்து சென்று தோளைப் பற்றி அமர்த்தி, அருகில் உட்கார்ந்தேன்.

“மாமா, எனக்காக நீங்க சிரமப்படக் கூடாது” என்றேன்.

“உங்களுக்காக எங்கே எழுந்தேன், ஹள்ரத்? நீங்க ஓதின ஓத்துக்காக எழுந்தேன்” என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கு வந்ததென்று நான் எண்ணியிருந்த மரியாதை எனக்குரியதே அல்ல. அது அல்லாஹ்வின் கலாமுக்குரியது. என் வழியாகப் போகும் அமானிதம். அமானிதத்தைச் சுமப்பவன், பொருள் தன்னுடையதென்று எண்ணினால் அதற்குப் பெயர் மோசடியன்றோ? அந்த இளைஞர் எனக்கு ஒன்றும் பாக்கி வைத்திருக்கவில்லை. பாக்கி வைத்திருந்தவன் நான்தான், அந்தப் பெரியவருக்கு.

பிறர் உரிமையை அறிந்து கொடுக்கும் கையையும், தனக்கென்று கேளாத நெஞ்சையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.