உடல் எனும் அமானிதம்

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதனைப் பேணும் முறையில்தான் வேறுபாடு எழுகிறது. நகையைப் பெட்டியில் பூட்டுவது போல் உடலைப் பூட்டிக் காக்க முடியாது; உழைக்காத உடல் தானே நலிந்துபோகும். ஆயினும், ஒருமுறை முறிந்து தேறிய உடலை, மீண்டும் முறியக்கூடிய இடத்திற்கே அழைத்துச் செல்லலாமா? அது துணிவா? அன்றி, அமானிதத்திற்குச் செய்யும் துரோகமா? இவ்வினாவை மலை மிதிவண்டிப் பந்தயம் என்னும் விளையாட்டின் வாயிலாக நோக்க விழைகிறோம்.

1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பந்தயம் இது. சாலையில் ஓடுவதன்று. செங்குத்தான ஏற்றம், வழுக்கும் பாறை, புடைத்து நிற்கும் வேர், தலைகுப்புற இறங்கும் சரிவு ஆகியவற்றின் ஊடே ஒரே சுற்றுப்பாதையைப் பலமுறை கடக்க வேண்டும். விழாதவர் இவ்விளையாட்டில் எவருமிலர்.

சுவிட்சர்லாந்தின் யோலாண்டா நெஃப் என்னும் பெண்மணி 2019 டிசம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாக் காட்டில் பயிற்சியின்போது விழுந்தார். மண்ணீரல் கிழிந்தது, விலா எலும்பு முறிந்தது, நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிற்று. 2020இல் நடக்கவிருந்த டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாத் தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போனது. உலகம் இழப்பாகக் கருதிய அந்த ஓராண்டு, காயம்பட்டோருக்கு அவகாசமாயிற்று. ஆனால் 2021 ஜூனில், போட்டிக்கு ஆறு வாரமே இருக்கையில், ஆஸ்திரியாவின் லியோகாங்கில் மறுபடியும் விழுந்து கையை முறித்துக்கொண்டார். எலும்பு கூடுவதற்கே அவ்வளவு நாள் ஆகும். ஜூலை 27ஆம் நாள் இசு என்னுமிடத்தில் அவர் களமிறங்கி, இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிடத்திற்கும் மேலான இடைவெளியில் பின்தள்ளித் தங்கம் வென்றார். வெள்ளியும் வெண்கலமுங்கூட அவர் நாட்டுப் பெண்களுக்கே கிடைத்தன. அதற்கு முந்திய நாள் அதே களத்தில் ஆடவர் போட்டியில் வென்ற இங்கிலாந்தின் டாம் பிட்காக், ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு முன் காறை எலும்பு முறிந்தவர்.

வென்றார், ஆகவே அவர் செய்தது சரி என்று சொல்லிவிடுவது எளிது. தோற்றிருந்தால், இன்னொருமுறை விழுந்திருந்தால், இதே வாய்கள் 'பேராசை' என்றிருக்கும். முடிவை வைத்துச் செயலை எடைபோடும் இப்பழக்கம் நமக்கு உடன்பாடன்று. முடிவு இறைவன் கையிலுள்ளது. முயற்சியும் அதன் அளவுமே மனிதனிடம் கேட்கப்படும்.

அளவு என்றதும் மதீனத்துக் குதிரைப் பந்தயம் நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளை ஒரே திடலில் ஒரே தொலைவுக்கு ஓடவிடவில்லை. உடல் இறுகப் பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா முதல் தனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவே. இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். வாயற்ற பிராணியின் உடல்நிலையைக் கண்டு தொலைவை வகுத்த அந்த நீதியை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே தோன்றுகிறது. பந்தயம் தடுக்கப்படவில்லை, ஆனால் ஆயத்தமாகாத உடலின்மீது ஆயத்தமான உடலின் சுமை ஏற்றப்படவுமில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்துடன் ஓடி ஒருமுறை முந்தியதும், பின்னாளில் உடல் பருத்தபின் பிந்தியதும் நாம் அறிந்தவையே. பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்போர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

எனவே நெஃப் அம்மையாரிடம் நாம் கேட்க வேண்டியது, 'ஏன் ஓடினாய்?' என்பதன்று, 'காயத்தை மருத்துவரிடம் மறைத்தாயா, அறிவித்தாயா?' என்பதே. மறைத்து ஓடுபவன் அமானிதத்தில் கைவைக்கிறான். அறிவித்து, படுக்க வேண்டிய நாளில் படுத்து, எழ வேண்டிய நாளில் எழுபவன் அதனைப் பேணுகிறான். பொறுமை என்னும் சபூர், பந்தய நாளின் ஒன்றேகால் மணி நேரத்தில் இல்லை. எவரும் பார்க்காத அந்தப் படுக்கை நாட்களில்தான் இருக்கிறது.

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. மருத்துவர் தடுத்தும், சர்க்கரை நோய் முற்றிய நிலையில், பிள்ளைகளிடம் மயக்கத்தை மறைத்து நோன்பு நோற்கும் தாய்மார் நம் இல்லங்களில் உண்டு. அவர்களின் ஈமானில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மக்கா வெற்றியாண்டில், ரமலானில் பயணம் போகையில், குராஉல் கமீம் என்னுமிடத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் நீர்க்குவளையை எல்லோரும் காண உயர்த்திப் பருகினார்கள். மக்களுக்கு நோன்பு கடினமாகியிருந்தது. அதன் பின்னும் சிலர் நோன்பை விடவில்லை என்று கேள்வியுற்றபோது, அவர்களை மாறுசெய்வோர் என்று கடிந்துரைத்தார்கள். இறைவன் தந்த சலுகையை ஏற்பதற்கும் ஒரு பணிவு வேண்டும். சில வேளை, பசியைத் தாங்குவதினும் அது கடினம்.

இன்னொன்று உண்டு. காயம் கண்ணுக்குத் தெரிந்தால் ஊரே இரங்கும். தெரியாத நோயை எவர் நம்புவார்? பிரான்சின் பொலின் ஃபெரான் பிரெவோ, சாலை, சேற்றுநிலம், மலை ஆகிய மூவகை மிதிவண்டிப் பந்தயங்களிலும் 2015இல் ஒரே வேளையில் உலகப் பட்டம் கொண்டிருந்தவர். மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பந்தயத்தை முடிக்க இயலாமல் விலகினார். இடுப்பிலிருந்து காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அவருக்கு நோய் இருந்தது. மிதிவண்டியில் பல்லாண்டு குனிந்து மிதிப்பதால் இடுப்பின் மடிப்பில் அக்குழாய் மடங்கி மடங்கி அதன் சுவர் தடித்துவிடும். உட்கார்ந்திருக்கையில் ஒரு குறையும் தெரியாது. முழு வலிமையுடன் மிதிக்கும்போதுதான் காலுக்கு இரத்தம் போதாமல் வலியும் சோர்வும் வரும். ஓய்வு நிலையில் சோதித்துவிட்டு 'ஒன்றுமில்லை' எனத் திருப்பியனுப்ப ஏற்ற நோய். அடுப்படியில் நிற்கையில் தலைசுற்றுகிறது என்னும் மருமகளுக்கு, கட்டிலில் கிடக்கையில் நன்றாகத்தானே இருக்கிறாய் என்று நம் வீட்டார் தரும் மறுமொழியும் இவ்வகையதே.

2019இல் அவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அவ்வாண்டின் ஆகஸ்ட் இறுதியிலேயே கனடாவில் மலைப் பந்தய உலகப் பட்டத்தை மீட்டார். ஆனால் டோக்கியோவில் பத்தாவதாகவே வர முடிந்தது. நெஃப் அம்மையார் தங்கம் வென்ற அதே பந்தயம்; அதே வழுக்கும் பாறைகள்; இருவரும் நோயுற்று மீண்டவர்கள். ஒருவரின் சபூர் பெரிது, மற்றவரின் சபூர் சிறிது என்று அந்த இசு மலையில் எவரால் அளந்து சொல்ல முடியும்? 2024 ஜூலை 28ஆம் நாள் பாரிசுக்கு அருகில் எலான்கூர்க் குன்றில் ஃபெரான் பிரெவோ தங்கம் வென்றபோது அவருக்கு வயது 32. லண்டனில் அவர் தம் முதல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு அன்றைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.